புதுப்பிப்பு: ஆங்கிலச் சொற்கள் மனதில் நிற்காத பிரச்சினை

பட்டியலை மனப்பாடம் செய்தால் மூன்றே நாளில் மறந்துவிடுகிறது என்று இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, சொல்லுக்கு ஒரு அட்டை போட்டு, அதில் அகராதிப் பொருளுக்குப் பதில் சொந்த வாக்கியம் எழுதச் சொன்ன யோசனைதான். அட்டைகளை 1, 3, 7, 16 நாள் இடைவெளியில் திரும்பப் புரட்டினேன். நாளுக்கு 5 சொற்கள். 10 வைத்தபோது மூச்சு முட்டியது. இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 240 சொற்கள் நிற்கின்றன.

வேர்ச்சொல்லை வைத்துப் பொருளைப் பிடிக்கும் வழி பாதிதான் உதவியது. 'பெனெ' நல்லது, 'மலெ' கெட்டது என்று தெரிந்ததும் பெனவலன்ட் (நல்லெண்ணம் கொண்ட), மலெவலன்ட் (கெட்ட எண்ணம் கொண்ட) இரண்டும் ஒட்டிக்கொண்டன, சரி. ஆனால் 'எனர்வேட்' என்பதை எனர்ஜியோடு சேர்த்து, தெம்பூட்டுவது என்று நினைத்திருந்தேன். உண்மையில் தெம்பை உறிஞ்சுவது! 'நாய்ஸ்' மாதிரி ஒலிக்கும் 'நாய்சம்' கூடச் சத்தமல்ல, துர்நாற்றம் அடிப்பது. அப்புறம் இந்த ஏமாற்றுக்காரர்களுக்கென்றே தனி அட்டைக் கட்டு போட்டுவிட்டேன்.