தாத்தா கம்பளம் எந்த ஊர்? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நாகப்பட்டினத்தான்
பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது தாத்தாவின் ரத்தினக் கம்பளத்தை இறக்கினோம். அவர் ஈரானில் அபாதான் எண்ணெய் ரீஃபைனரியில் கணக்கெழுதியவர், 1951இல் எண்ணெயை அரசுடைமையாக்கிய களேபரத்தில் ஊர் திரும்பியபோது கையோடு கொண்டுவந்தது இது ஒன்றுதான் என்று அத்தை சொல்வார். சென்னையில் ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். மனிதர் பூப்போட்ட பக்கத்தைப் பார்க்கவே இல்லை. மூலையைப் புரட்டினார், கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார், "ஹமதான் சார், கிராமத்து நெசவு" என்றார். அஞ்சு செகண்ட்! எப்படி என்று கேட்டால் சிரிக்கிறார். அதைவிட மனசைக் குடைவது வேறு. ஓரத்தில் பாரசீக எண்ணில் 1337 என்று நெய்திருக்கிறது. "அப்படின்னா 1958" என்றார். தாத்தா வந்தது 51இல். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

குவைத்_ரிட்டர்ன்
அஞ்சு செகண்டில் சொல்வதெல்லாம் பில்டப். குறைந்த விலைக்குக் கேட்கப்போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா குவைத்தில் இருந்து "அசல் ஈரான்" என்று தோளில் சுமந்துவந்த கம்பளத்தின் குஞ்சத்தை நான் சும்மா பிடித்து இழுத்தேன், தையல் பிரிந்து ஒரு சாணுக்குக் கையோடு வந்துவிட்டது. கையால் நெய்ததில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலேதான் குஞ்சமாக நீளுமாம், தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் மெஷின். அம்மா பக்கத்திலேயே நின்றார். ஒன்றும் சொல்லாமல் ஊசியும் நூலும் எடுத்துவந்து தைத்து வைத்துவிட்டார்.

பாவும்_ஊடும்
குவைத் அண்ணே, பில்டப் இல்லை. ஈரானில் ஹமதான் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வரிசை முடிச்சுக்குக் குறுக்கே ஒரே ஒரு ஊடை நூல்தான் ஓட்டுவார்கள். அதனால் பின்பக்கம் பாவு நூல் ஒன்றுவிட்டு ஒன்று வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், சதுரங்கக் கட்டம் மாதிரி. அதே நாட்டுத் தப்ரீஸ், காஷான் ஊர்களில் இரண்டு ஊடை ஓடும், புள்ளி தெரியாது. சென்னேயிலும் ஒற்றை ஊடைதான், ஆனால் அதன் முதுகு உப்புத்தாள் போல் சொரசொரக்கும். கட்டைவிரல் தேய்த்தது அதற்குத்தான். (இந்த சென்னேக்கும் நம் சென்னைக்கும் சம்பந்தமில்லை. பாரசீக முடிச்சை "சென்னே முடிச்சு" என்று உலகமே சொல்கிறது, அந்த ஊர்க்காரர்கள் போடுவதோ துருக்கி முடிச்சு!)

கடைக்காரர் தடுக்கியது வருஷத்தில்தான். ஈரானில் 1925இல்தான் வருஷத்தை எண்ணச் சந்திரக் கணக்கை விட்டுச் சூரியக் கணக்குக்கு அதிகாரபூர்வமாக மாறினார்கள். சூரியக் கணக்கில் 1337 என்றால் 1958-59. பழைய சந்திரக் கணக்கில் 1918-19. நாற்பது வருஷம் இடிக்கிறது. அப்புறம் நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: வாஷிங் மெஷின், பிளீச், நடு வெயில் மூன்றும் கூடாது, பரணில் மடித்துப் போடாதீர்கள், மடிப்பில் பாவு ஒடியும், குழாயில் சுருட்டி வையுங்கள், மாதம் ஒருமுறை விரித்துப் பூச்சி பாருங்கள், ஈரத்துணியில் ஒரு மூலையை ஒற்றிச் சாயம் போகிறதா என்று...

மாமியார்_சொத்து
டிசைனை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் வீட்டுக் "காஷான்" கடைசியில் ஸ்ரீநகர்க் கம்பளம். அதே பூ, அதே பதக்கம், அதே பாரசீக முடிச்சு. ஈரான் என்று சொல்லித்தான் மாமியார் எனக்குக் கொடுத்தார், நாத்தனாருக்குத் தரவில்லை. இப்போது உண்மையைச் சொல்வதா வேண்டாமா?

நாகப்பட்டினத்தான்
புரட்டிப் பார்த்தேன், அந்த வெள்ளைப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. சரி என்று அத்தையிடமும் சொல்லிவிட்டேன். எழுந்து வந்து 1337க்குப் பக்கத்தில் இருக்கிற பழுப்புக் கறையில் விரலை வைத்தார். "எனக்கு நாலு வயசுல காமாலை. கீழாநெல்லியக் குடிக்க வெச்சு நான் கக்குன இடம்டா இது." அத்தை 1948இல் பிறந்தவர். கறையை எடுக்க என்ன போடலாம் என்று கேட்டேன், அடிக்க வருகிறார்.