மதகுச் சாவியை மேஜரிடம் கொடுக்கலாமா?

வெண்ணாற்றங்கரை: எங்கள் ஊர் கிராம சபையில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஆளாளுக்குச் சத்தம். பட்டாளத்தில் இருந்த பெரியப்பா எழுந்து, "ஒரு மேஜர் கையில் மதகு ஷட்டரைக் கொடுங்கள், ஒரே நாளில் சரியாகும்" என்றார். பாதிக் கூட்டம் கைதட்டியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. உத்தரவுக்கே பழகியவர்களுக்கு வாக்குவாதம் என்றாலே ஒழுங்கீனம்தான்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்: தம்பி, ஷட்டர் ஏற்கெனவே லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் ஊழியர்) கையில்தான் இருக்கிறது. அதுவே பட்டாளத்துச் சொல்தான்! 24 வருடம் கட்சிக் கூட்டத்துப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை, ராணுவ விதி அப்படி. ஓட்டு மட்டும் தபாலில் போகும். பாகிஸ்தானில் 1958, 1977, 1999 என்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டு பட்டாளமும் வெள்ளைக்காரன் வளர்த்ததுதான். சீருடைதான் காரணம் என்றால் இங்கே ஏன் நடக்கவில்லை?

வெண்ணாற்றங்கரை: கடிவாளம் போட்டதால் நடக்கவில்லை, ஐயா. முப்படைக்கும் ஒரே தலைமைத் தளபதி என்று பிரிட்டிஷ் காலத்தில் இருந்த ஏற்பாட்டை உடைத்தார்கள். அவருடைய டெல்லி மாளிகையில் நேருவே குடியேறினார், அதுதான் தீன்மூர்த்தி பவன். ஓய்வு பெற்றதும் கடிவாளம் போய்விடுகிறதே. வி.கே.சிங் ராணுவத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்றது 2012இல், பாஜக எம்.பி. ஆனது 2014இல்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்: தேர்தலில் நின்று ஜெயித்தார். டாங்கியில் ஏறியா போனார்? 2015இல் ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் கேட்டு மார்பில் மெடலோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள் எங்கள் ஆட்கள். அதே இடத்தில்தான் 2017இல் நம் விவசாயிகள் மண்டையோட்டோடு உட்கார்ந்தார்கள். உரிமை கேட்கும் முறை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

குறுவைக்காரி: நீங்கள் இருவரும் பென்ஷன்காரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் தம்பி அக்னிவீர். 2022இல் வந்த அக்னிபத் என்ற ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டத்தில் வேலை 4 வருடம்தான். நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் வரைதான். மற்றவர்களுக்கு வெளியே வரும்போது சேவா நிதி என்று மொத்தமாகச் சுமார் 11.7 லட்சம் ரூபாய், பென்ஷன் கிடையாது. இருபத்து சொச்ச வயதில், துப்பாக்கி பழகிய கையோடு வேலை தேடி வருகிறவன் பெரியப்பா மாதிரி யோசிப்பானா, ஐயா மாதிரியா?

வெண்ணாற்றங்கரை: அப்படியானால் என் பயம் இன்னும் கூடுகிறது.

குறுவைக்காரி: பயப்படாதீர்கள் அண்ணா, வேலை இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்: இதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. எனக்குப் பென்ஷன் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு பேசுகிறேன். தம்பி லீவில் வந்தால் சொல்லுங்கள். அரசியல் பேச மாட்டான், பேசவும் கூடாது. டீ குடிக்கலாம்.