சிறிய ட்ரோன் சேவைத் தொழில்: கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது, அடுத்த முதலீட்டை எதில் செய்வது?

கேள்வி

வணக்கம். கேமரா ட்ரோன் ஒன்றை வைத்துக்கொண்டு, இயக்குநர் உரிமமும் காப்பீடும் பெற்று, தனி ஆளாகத் தொழில் செய்து வருகிறேன். இதுவரை கிடைத்த வேலைகளில் பெரும்பாலானவை கட்டட விற்பனைக்கான வான்படங்களும் நிகழ்ச்சி ஒளிப்பதிவுகளும்தான். இந்த இரண்டிலும் போட்டி கடுமையாகிவிட்டது. நான் எந்தக் கட்டணத்தைச் சொன்னாலும் அதைவிடக் குறைத்துச் சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார்.

அண்மையில் ஒரு கல்குவாரி நிர்வாகமும் ஒரு சூரிய மின்நிலையமும் என்னிடம் விசாரித்தன. முதலாமவர்கள் குவித்து வைத்திருக்கும் ஜல்லியின் கன அளவைக் கேட்கிறார்கள். இரண்டாமவர்கள் பழுதான பேனல்களைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது ஆர்டிகே வசதியுள்ள (இருப்பிடத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் திருத்திக்கொள்ளும்) ட்ரோனையும் வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவையும் வாங்கிவிட்டால் இந்த வேலைகளுக்குள் நுழைந்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் வேலை தொடர்ந்து வராவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கமும் இருக்கிறது. கட்டணத்தை மணிக்கணக்கில் சொல்வதா, பரப்பளவை வைத்துச் சொல்வதா என்பதிலும் குழப்பம் நீடிக்கிறது. காற்று பலமாக இருக்கும் நாளிலும் பறக்கவிடச் சொல்லி வாடிக்கையாளர் வற்புறுத்தும்போது உறவு கெடாமல் எப்படி மறுப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம் நண்பரே. கட்டணத்திலிருந்து தொடங்குகிறேன்; கருவி வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கும் அந்தக் கணக்கிலேயே விடை கிடைத்துவிடும்.

பறக்கும் நேரத்தை அளவாக வைத்து ஒருபோதும் விலை சொல்லாதீர்கள். வாடிக்கையாளரின் கண்ணில் படுவது ட்ரோன் மேலே இருக்கும் இருபது நிமிடம் மட்டுமே. வான்வெளிக் கட்டுப்பாடுகளைப் பார்ப்பது, இட உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குவது, பயணம் செய்வது, படங்களைச் செயலாக்குவது, திருத்தங்களைச் செய்து கொடுப்பது, கோப்புகளைப் பாதுகாத்து வைப்பது ஆகிய அனைத்தும் அவருக்குத் தெரியாமலேயே நடக்கின்றன. ஆகவே, முழு வேலைக்கும் ஒரே தொகையாகச் சொல்லி, அவர் கையில் என்னென்ன கிடைக்கும் என்பதை அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.

அந்தத் தொகையை அடைய ஆண்டுக் கணக்கு ஒன்று வேண்டும். காப்பீடு, உரிமப் புதுப்பிப்பு, மென்பொருள் சந்தா, வாகனச் செலவு, உங்கள் சம்பளம், கருவியின் தேய்மானம் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். தேய்மானத்தைப் பொறுத்தவரை, இன்றைய ட்ரோனை மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. பேட்டரிகளைத் தனியாக வைத்து, ஒவ்வொன்றின் விலையையும் அது தாங்கக்கூடிய சார்ஜ் சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பறப்புக்கு ஆகும் பேட்டரிச் செலவு தெரிந்துவிடும். பிறகு கூட்டுத்தொகையை ஆண்டில் உண்மையாகவே பணம் வரக்கூடிய நாட்களால் வகுக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மழையும் காற்றும் கெடுக்கும் நாட்கள், கணினி முன் அமர்ந்து எடிட்டிங் செய்யும் நாட்கள், விலைப்புள்ளி தயாரித்து அலையும் நாட்கள், பழுதுபார்க்கும் நாட்கள் ஆகியவற்றைக் கழித்தபின் மிஞ்சுபவை, நீங்கள் நினைப்பதைவிட மிகவும் குறைவாகவே இருக்கும். வகுத்து வரும் தொகைதான் உங்கள் ஒரு நாளின் அடக்கவிலை. அதற்குக் கீழே கேட்பவரிடம் மரியாதையாக மறுத்துவிட்டு, அந்த நாளைப் புதிய வாடிக்கையாளரைத் தேடுவதற்குப் பயன்படுத்துங்கள்.

கடன் வாங்கிக் கருவி வாங்குவதை நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன். மழைக்காலம் முழுவதும் ட்ரோன் பெட்டியிலேயே கிடந்தாலும் தவணையைக் கட்டித்தான் ஆக வேண்டும். முதல் சில வேலைகளுக்குக் கருவியை வாடகைக்கு எடுங்கள், அல்லது ஏற்கெனவே அந்தக் கருவியை வைத்திருப்பவரைத் துணை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகையாகக் கொடுக்கும் தொகை மாதந்தோறும் தவணையைத் தாண்டத் தொடங்கினால், அப்போது வாங்குவதற்கு நியாயம் இருக்கிறது. பணம் கையில் இருந்து, இப்போதே ஏதேனும் வாங்க வேண்டும் என்று நினைத்தால், உங்களிடம் இருக்கும் அதே மாடலில் இன்னொன்றை வாங்குங்கள். பேட்டரி, ப்ரொப்பெல்லர், சார்ஜர் எல்லாம் இரண்டுக்கும் பொருந்தும். ஒன்று பழுதானாலும் ஒப்புக்கொண்ட வேலை நிற்காது.

விலைப்புள்ளியில் சேர்க்க மறக்கக் கூடாதவையும் உண்டு: வானிலையால் தள்ளிப்போனால் மாற்று நாளுக்கு எவ்வாறு கட்டணம், எத்தனை முறை வரை திருத்தம் இலவசம், மூலக் கோப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், படங்களை அவர் எந்தெந்தப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், முன்பணம் எவ்வளவு. காப்பீட்டு ஆவணத்தில் விலக்குகள் பகுதியை வரிவரியாகப் படித்துவிடுங்கள். ட்ரோனுக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடும், ட்ரோனால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான மூன்றாம் தரப்புக் காப்பீடும் வெவ்வேறானவை. விதியை மீறிப் பறந்திருந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். பெரும்பாலான நாடுகளில் அடிப்படை விதி ஒரே மாதிரிதான் இருக்கிறது: அமெரிக்காவில் 2016 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் அதிகபட்சப் பறக்கும் உயரம் 400 அடி என்கின்றன, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதிகள் 120 மீட்டர் என்கின்றன, இரண்டிலும் ட்ரோன் இயக்குபவரின் பார்வைக்குள் இருக்க வேண்டும். உங்கள் நாட்டின் விதி எதுவோ, அதை ஒவ்வொரு வேலைக்கு முன்பும் சரிபாருங்கள்; தற்காலிகத் தடைகள் முன்னறிவிப்பு அதிகமின்றியே வரும்.

பதில் 2

மேலே எழுதிய நண்பரின் கருத்தை ஏற்றுக்கொண்டு, அளவைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் குவாரி பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் கேட்பது படம் அன்று, ஒரு எண். அந்த எண்ணை வைத்து அவர் இருப்புக் கணக்கு எழுதுவார், பணம் கொடுப்பார் அல்லது வாங்குவார். எனவே அது எவ்வளவு தவறலாம் என்பதை நீங்கள் முதலில் அறிந்திருக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் பரப்பில் பரவியிருக்கும் குவியலில், உயரம் முழுவதும் 5 செ.மீ. ஏற்றமாகப் பதிவாகிவிட்டால், கன அளவில் 500 கனமீட்டர் கூடிவிடும். படம் கண்ணுக்கு அழகாகத்தான் தெரியும். பிழையை யாரும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பறக்கும் உயரத்தைக் கணக்கிட்டே தீர்மானிக்க வேண்டும். ஓர் அங்குல சென்சார் என்று அழைக்கப்படும் 13.2 மி.மீ. அகல சென்சாரும், 8.8 மி.மீ. குவியத் தொலைவும், 5472 பிக்சல் அகலமும் உள்ள கேமராவை 100 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டால், ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 2.74 செ.மீ. அளவைக் குறிக்கும், ஒரு படத்தில் 150 மீட்டருக்கு 100 மீட்டர் பரப்பு அடங்கும். உயரத்தை 60 மீட்டராகக் குறைத்தால் பிக்சல் அளவு 1.64 செ.மீ. ஆகிவிடும், ஆனால் பறக்க வேண்டிய வரிசைகளும் பேட்டரிகளும் கூடும். படங்கள் முன்பின்னாக 75 முதல் 80 விழுக்காடும், பக்கவாட்டில் 60 முதல் 70 விழுக்காடும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இந்த உயரம் நீங்கள் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். குவாரிப் பள்ளத்தின் விளிம்பில் நின்று கிளப்பினால், பள்ளத்தின் அடிப்பகுதியில் பிக்சல் அளவு பெரிதாகிவிடும். உயர்ந்த குவியலின் உச்சியில் ஓவர்லேப், அதாவது படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு, குறைந்துவிடும்.

சாதாரண ஜிபிஎஸ் தரும் இருப்பிடம் மீட்டர் கணக்கில் பிசகும். அதைத் திருத்தத்தான் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைக்கிறோம். பெரிய கறுப்பு வெள்ளைக் கட்டப் பலகைகளை நான்கு மூலைகளிலும் நடுவிலும் பதித்து, அளவைக் கருவியால் அவற்றின் இடத்தையும் உயரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பலகைகளையும் ஒரே மட்டத்தில் வைக்காமல், பள்ளத்திலும் மேட்டிலுமாகப் பிரித்து வைப்பது முக்கியம். இவை தவிர இரண்டு மூன்று புள்ளிகளை அளந்து, ஆனால் மென்பொருளுக்குக் கொடுக்காமல், சரிபார்ப்புக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செயலாக்கம் முடிந்தபின் வரைபடத்தில் அந்தப் புள்ளிகள் காட்டும் உயரத்துக்கும் நீங்கள் அளந்த உயரத்துக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் வேலையின் உண்மையான துல்லியம். ஆர்டிகே ட்ரோன் இருந்தால் பலகைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். சரிபார்ப்புப் புள்ளிகளைக் கைவிட முடியாது. மென்பொருள் தானாகத் தரும் அறிக்கையை அப்படியே அனுப்புபவர்களுக்கும் உங்களுக்கும் வாடிக்கையாளர் காணப்போகும் வேறுபாடு, அறிக்கையில் நீங்கள் சேர்க்கும், சரிபார்ப்புப் புள்ளிகளின் வேறுபாடுகளைக் காட்டும் சிறிய அட்டவணையில்தான் இருக்கிறது.

குவியலின் அடி எல்லையை எங்கே வரைகிறீர்கள் என்பதும் கன அளவை மாற்றும். நீங்கள் ஊகித்து வரையாமல், வாடிக்கையாளரின் ஆள் ஒருவரைத் தளத்தில் உடன் நடக்கச் சொல்லி, எது குவியல், எது பழைய தரை என்பதை முடிவுசெய்து, அந்த எல்லையைப் படத்தோடு அறிக்கையில் சேருங்கள்.

சூரிய மின்நிலைய வேலையில் எனக்கு நேரடிப் பழக்கம் குறைவு. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம்: ஐஇசி 62446-3 என்ற பன்னாட்டு நெறிமுறை, பேனலின் மீது குறைந்தது சதுர மீட்டருக்கு 600 வாட் சூரியக் கதிர்வீச்சு இருக்கும்போதுதான் தெர்மல் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. மேகம் ஓடும் நாளில் எடுத்த தெர்மல் படங்களை வைத்து எந்தப் பேனலையும் பழுது என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அதே பேனலின் சாதாரண வண்ணப் படத்தையும் இணையுங்கள். சூடாகத் தெரிந்த இடத்தில் பறவை எச்சமோ காய்ந்த இலையோ இருக்கலாம்.

பதில் 3

காற்றைப் பற்றிய கேள்விக்கு விடை எழுதுகிறேன்.

மறுப்பு உங்கள் விருப்பமாகத் தோன்றினால் வாதம் தொடரும்; முன்பே எழுதிய நிபந்தனையாக இருந்தால் வாதம் எழாது. விலைப்புள்ளியிலேயே, பறக்கும் உயரத்தில் காற்றின் வேகம் இன்ன அளவைத் தாண்டினால் பணி மாற்று நாளுக்குத் தள்ளப்படும் என்று எண்ணோடு எழுதிவிடுங்கள். தரையில் மெல்லிய காற்றாகத் தெரிந்தாலும் 100 மீட்டரில் அது பலமாக இருக்கும். வாடிக்கையாளருக்கு விளக்க ஒரு கணக்கு உதவும். வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்லும் ட்ரோன், காற்றில்லாத நாளில் ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து 67 வினாடியில் திரும்பிவிடும். வினாடிக்கு 10 மீட்டர் எதிர்க்காற்றில் அதே தொலைவுக்கு 200 வினாடி ஆகும். பேட்டரி தீரும் வேளையில் இந்த வேறுபாடுதான் ட்ரோனை வழியிலேயே இறக்கிவிடுகிறது. இந்தக் காரணத்தால்தான் முதலில் எதிர்க்காற்றில் சென்று, திரும்பும்போது காற்றோடு வரும்படி பாதையை அமைக்கச் சொல்கிறோம்.

ரிட்டர்ன் டு ஹோம் (சிக்னல் அறுந்தால் ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்பும் வசதி) உயரத்தை ஒவ்வொரு தளத்திலும் புதிதாக அமைக்க வேண்டும். முந்தைய தளத்தில் 40 மீட்டர் போதுமானதாக இருந்திருக்கலாம். இன்றைய தளத்தில் 55 மீட்டர் கோபுரம் நிற்கலாம். பாலத்தின் அடியிலோ கூரைக்குக் கீழோ ஆய்வு செய்யும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது: சிக்னல் அறுந்தவுடன் ட்ரோன் மேலே எழும்பினால் நேராகக் கான்கிரீட்டில் மோதும். அங்கே, சிக்னல் போனால் நின்ற இடத்திலேயே மிதக்கும்படி அமைப்பை மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

பேட்டரிகளில் எண் எழுதி, ஒவ்வொன்றின் சுற்றுகளையும் குறித்து வாருங்கள். லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். சில நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் 3.8 வோல்ட்டுக்கு அருகில் வைத்திருக்க வேண்டும். முழு சார்ஜில் வாரக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் பேட்டரி விரைவில் உப்பிவிடும். சமதளமான மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அதன் வேலை முடிந்துவிட்டது, இறுதியாக ஒரு முறை என்று எண்ணிக்கூட மேலே அனுப்பாதீர்கள். ப்ரொப்பெல்லரின் விளிம்பில் நகத்தை ஓட்டும்போது எங்கேனும் தடை பட்டால் உடனே மாற்றிவிடுங்கள். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜில் போடாமல் ஆறவிட்டுப் போடுவதும், வேலைக்கு முந்தைய நாள் ஃபர்ம்வேரை (ட்ரோனின் உள் மென்பொருளை) புதுப்பிக்காமல் இருப்பதும் பழக்கமாக வேண்டும்.

மெமரி கார்டை ஒவ்வொரு சில பறப்புகளுக்கும் ஒரு முறை மாற்றுங்கள். மாலையில் ட்ரோன் தண்ணீரில் விழுந்தாலும் காலையில் எடுத்தவை உங்கள் பையில் இருக்கும். இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, கோப்புகள் திறக்கின்றன என்று பார்த்தபின்பே கார்டை அழியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடன் வாங்கும் எண்ணத்தை ஒத்திவைத்து, குவாரி வேலைக்குக் கருவியை வாடகைக்கு எடுக்க முடிவு செய்திருக்கிறேன். ஒரு துணைக் கேள்வி: அதே நிர்வாகம், தங்கள் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் இடையிலான எல்லையையும் அதே படத்தில் கோடு போட்டுத் தரச் சொல்கிறது. படத்தில் வேலி தெளிவாகத் தெரியும் என்பதால் இதைச் செய்து கொடுக்கலாமா?

பதில் 2

கூடாது. வேலி இருக்கும் இடம் வேறு, சட்டப்படியான எல்லை வேறு. எல்லையை நிர்ணயித்துச் சான்றளிப்பது பெரும்பாலான நாடுகளில் உரிமம் பெற்ற நில அளவையாளரின் பணி. உங்கள் கோடு ஒரு தகராறில் ஆவணமாகக் காட்டப்பட்டால் பொறுப்பு உங்கள் மீது விழும், காப்பீடும் அதை ஏற்காமல் போகலாம். உரிமம் பெற்ற அளவையாளர் ஒருவரோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்யுங்கள். அவர் எல்லைக் கற்களையும் உங்கள் கட்டுப்பாட்டுப் புள்ளிகளையும் ஒரே பயணத்தில் அளந்துவிடலாம், எல்லைக்கு அவர் கையொப்பமிடுவார், வான்படமும் கன அளவும் உங்களுடையதாக இருக்கும். விலைப்புள்ளியில் இரண்டையும் தனித்தனி வரிகளாகக் காட்டி, படத்தின் ஓரத்தில் "இது எல்லை வரைபடமன்று" என்று அச்சிட்டுக் கொடுங்கள்.