நீல லேபிள் உரிஞ்ச டிரம்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

கடலூர் முதுநகர்:
ஐப்பசி அடைமழை. நான் அப்போ ஒரு கோடவுன்ல லோடு எறக்குற வேலை. தார்ப்பாய் கிழிஞ்ச வண்டியில கார்பைடு டிரம் ஆறு வந்துச்சு, ஒண்ணுல மட்டும் தண்ணி பட்டா ஆபத்துன்னு காட்டுற நீல லேபிள் (4.3) உரிஞ்சி வெறும் பசைதான் இருக்கு, மூடியும் நசுங்கி கெடக்கு. எறக்குறப்போ உஸ்ஸ்னு சத்தம், பூண்டு மாதிரி நாத்தம். கூட இருந்த பையன் "அண்ணே சுடுதுண்ணே"ன்னு கத்திக்கிட்டே ஒரு வாளி தண்ணியோட ஓடி வரான். நான் எட்டி அந்த வாளிய தட்டிவிட்டேன், தண்ணி என் கால்மேல கொட்டுச்சு. ஊத்தியிருந்தா பத்திக்கிற அசிட்டிலீன் வாயு குபுகுபுன்னு கெளம்பியிருக்கும், பத்தடி தள்ளி ஒருத்தர் பீடி வலிச்சிட்டு இருந்தாரு.

சேதராப்பட்டு:
எங்க டையிங் யூனிட்டுக்கு ஹைட்ரோஸும் (சாயம் எடுக்குற பொடி) பெராக்சைடும் (துணி வெளுக்குற திரவம்) ஒரே டாடா ஏஸ்ல ஒட்டி ஒட்டி வந்துச்சு. ஹைட்ரோஸ் லேபிள் மேல வெள்ளை கீழ செவப்பு, ஆபத்து வகுப்பு நம்பர் 4.2, தானா பத்திக்கிறது. பெராக்சைடு மஞ்சள், 5.1, எரியறத இன்னும் தூண்டிவிடுறது. டிரைவர் தம்பி "ரெண்டும் சாயக் கெமிக்கல்தானே சார்"ங்குது. பெராக்சைடு கேன் ஓரமா கசிஞ்சிருந்துச்சு. நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

பழைய டிரைவர், கடலூர்:
முதல்ல எழுதுன தம்பி, லேபிள் இருந்தா மட்டும் அந்தப் பையன் நின்னிருப்பானா? அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையே, அதுதான் தப்பு. நான் சர்க்கரை ஆலைக்கு கந்தகம் ஓட்டினவன், செவப்பு வெள்ளைப் பட்டை போட்ட 4.1, சுலபமா பத்திக்கிற திடப்பொருள். ஒருவாட்டி மூட்டை ஓரத்துல பத்திக்கிச்சு, நல்ல வெயில்ல அந்த நீல நெருப்பு கண்ணுக்கே தெரியல, நெடி ஏறினப்புறம்தான் புரிஞ்சுது. அதுக்கு தண்ணிய தூறலா அடிச்சா அடங்கும், கார்பைடுக்கு தண்ணி எமன், காஞ்ச மணல்தான் போடணும். ரெண்டும் 4ம் நம்பர்தான், அதனால நம்பர மட்டும் பாக்காதீங்க, நெறத்தயும் பாருங்க. 1989 மோட்டார் வாகன விதியிலேயே இருக்கு, வண்டியோட ரெண்டு பக்கமும் பின்னாடியும் அவசரத் தகவல் பலகை வேணும், அதுல சரக்கு பேரு, யூஎன் (ஐ.நா.) வகுப்பு நம்பர், 250 மில்லிமீட்டர் லேபிள், போன் நம்பர் எல்லாம் தெரியணும், தார்ப்பாய் தொங்கி அத மூடக்கூடாது. டிரெம் கார்டு (விபத்து ஆனா என்ன செய்யணும்னு எழுதின அட்டை) கேபின்ல கைக்கு எட்டுற எடத்துல இருக்கணும், ஆபீஸ் பீரோவுல வெச்சு என்ன பிரயோஜனம்? லோடு மாறினா பழைய லேபிள சுரண்டி எடுங்க, தப்பான லேபிள் இல்லாததவிட மோசம், தீயணைப்பு வண்டிக்காரங்க அத நம்பித்தான் குழாய திருப்புவாங்க.

கடலூர் முதுநகர்:
அண்ணே, சொல்லிக் குடுக்கலங்கிறது சரிதான், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு அன்னிக்கு ஞாபகம் வந்ததே மத்த அஞ்சு டிரம்ல இருந்த நீலத்த பாத்துத்தான். அந்தப் பையன் ரெண்டு நாள் வேலைக்கு வரல. மூணாம் நாள் வந்து, ஒரு வார்த்தை பேசாம ஒவ்வொரு டிரம்மா சுத்திச் சுத்தி லேபிள தேடிட்டு இருந்தான்.