கொழுந்துக்குள் இருந்த ஒற்றைப் புழு

மாதவரத்தில் எங்களுக்கு ஒரு காலி மனை உண்டு. 2016 வர்தா புயலில் அங்கிருந்த பூவரசு சாய்ந்துவிட்டது. அடுத்த மழைக்கு மதில் ஓரம் நான்கு தேக்கும் ஆறு மகோகனியும் வைத்தேன். "மகோகனி கசப்பு சார், பூச்சி அண்டாது" என்றார் கன்று விற்ற நர்சரிக்காரர். நம்பிவிட்டேன்.

முதலில் அடி வாங்கியது தேக்கு. மழை தொடங்கியதும் இலை ஓரங்கள் மடிந்தன, உள்ளே கருத்த புழுக்கள். பத்துப் பதினைந்து நாளில் நரம்பு மட்டும் மிச்சம். மருந்து வாங்கி வருவதற்குள் புழுக்கள் இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழு ஆகிவிட்டன. அப்புறம் மரம் தானே தளிர்த்தது. தோப்பாக வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. நிலம்பூரில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அளந்தபோது, இளம் தேக்கு இந்தப் புழுவால் 44 சதவீத வளர்ச்சியை இழந்திருந்தது. என் நாலு மரத்துக்குப் பரவாயில்லை.

மகோகனியில் நடந்ததுதான் இன்றும் உறுத்துகிறது. மூன்றாம் வருஷம் நுனிக் கொழுந்து வாடித் தொங்கியது. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் விட்டேன். ஏணி போட்டுப் பார்த்தபோது தண்டில் ஒரு துளை, அதன் வாயில் நூலில் கோத்த மரத்தூள் மாதிரி எச்சம். பிளந்தால் ஒரே ஒரு புழு. நுனி போனதும் பக்கத்திலிருந்து நாலைந்து கிளை கிளம்பின. செழிப்பாக வளர்கிறது என்று அப்படியே விட்டேன்.

திருவொற்றியூரிலிருந்து, தச்சு வேலை செய்பவன்:
அங்கேதான் சார் போச்சு. கவை விழுந்த மரத்தில் நீளமான பலகை எங்கே கிடைக்கும்? வாடிய நுனியைப் புழு போன இடத்துக்குக் கீழே வெட்டி எரித்துவிட்டு, நேராகப் போகும் ஒரு கிளையை மட்டும் விட்டிருக்கலாம்.

மீஞ்சூரிலிருந்து:
எங்கள் சவுக்கில் வேறு ஆள். பட்டை மேல் எச்சமும் நூலும் நாடா போல ஒட்டியிருக்கும். பகலில் புழு பொந்துக்குள், ராத்திரி வந்து பட்டையைத் தின்னும். நாடாவைச் சுரண்டிவிட்டுப் பொந்தில் கம்பி விட்டுக் குத்துவோம். அப்பா மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண் பூசுவார்.

மாதவரம்:
தச்சு அண்ணன் சொன்னபடி சின்ன மரங்கள் இரண்டில் கிளை கழித்தேன். ஒன்று நேராகப் போகிறது. மற்றதன் கொழுந்தில் நேற்று மறுபடியும் மரத்தூள்.