ஒபதியா வகுப்புக்கு உங்கள் உதவி தேவை

அன்பான உறவுகளே, உடுவிலில் எங்கள் வாலிபர் வகுப்பில் இப்போது ஒபதியா படிக்கிறோம். பழைய ஏற்பாட்டிலேயே மிகச் சிறிய புத்தகம், 21 வசனங்கள்தான். எருசலேம் விழுந்த நாளில் யாக்கோபின் அண்ணன் ஏசாவின் வழிவந்த ஏதோம் தேசம் பார்த்து நின்றது, கொள்ளையடித்தது, தப்பி ஓடியவர்களைப் பிடித்துக் கொடுத்தது. அதற்குத்தான் 15ஆம் வசனம்: 'நீ செய்தபடியே உனக்கும் செய்யப்படும்.' இது எல்லோருக்கும் விளங்கியது.

ஆனால் யுத்தத்தில் தகப்பனை இழந்த ஒரு பிள்ளை, 'அப்படியென்றால் அப்பா எதை விதைத்தார்?' என்று கேட்டாள். எசேக்கியேல் 18 (தகப்பனின் பாவத்தை மகன் சுமப்பதில்லை), யோவான் 9 (ஒருவன் குருடனாய்ப் பிறந்தது யாருடைய பாவத்தாலும் அல்ல) இரண்டையும் வாசித்துக் காட்டினேன். துன்பமெல்லாம் தண்டனை அல்ல என்பது சரி. அவளுக்கு அது போதவில்லை. எனக்கும்தான். அநியாயத்தை ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர் என்று தேவனிடமே கேட்ட ஆபகூக் தீர்க்கதரிசியின் முறைப்பாட்டிலிருந்து தொடங்கலாமா? இப்படியான பிள்ளைகளோடு கதைத்த போதகர்மார், ஆசிரியர்மார் தயவுசெய்து எழுதுங்கள். ஞாயிறு வகுப்புக்கு முன் கிடைத்தால் பெரிய உதவி.