ஐந்தாவது இடம் யாருக்கு? இந்தியப் பெருங்கடல் உத்தி விளையாட்டுக்கு ஒரு நாகரிகம்

கேள்வி: கரைவலை

வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் வேலை முடிந்த பின் கிடைக்கும் இரவுகளில், சுற்று முறையில் ஆடும் ஓர் உத்தி விளையாட்டை உருவாக்கி வருகிறோம். களம் இந்தியப் பெருங்கடல், காலம் 1000 முதல் 1300 வரை, ஒவ்வொரு சுற்றும் ஒரு பருவக்காற்று. சோழர், சுமத்திராவின் ஸ்ரீவிஜயம், சொங் சீனம், எகிப்தின் பாத்திமியர் ஆகிய நான்கு தரப்புகளும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. ஓவியம் வரைபவர் ஒருவரே என்பதால் இன்னும் ஒன்றைத்தான் சேர்க்க முடியும்.

கன்னட நாட்டு ஹொய்சளர், கம்போடியாவின் கெமர், இலங்கையின் பொலன்னறுவை, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் துறைமுக நகரான கில்வா ஆகியவை பட்டியலில் உள்ளன. பேலூர், ஹளேபீடு கோயில்களைத் திரையில் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு நண்பர் ஹொய்சளரைக் கேட்கிறார். அங்கோர் வாட் எல்லோருக்கும் தெரியும் என்பதால் எனக்குக் கெமர் மீது நாட்டம். மூன்றாமவர் சொல்லும் கில்வாவின் பெயரை விளையாடுபவர்களில் பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: ஏலேலோ

கோயிலையும் புகழையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மற்ற நான்கு தரப்புகளோடு செய்ய முடியாத எதை இந்தத் தரப்பை ஆடுபவர் பத்தாவது சுற்றில் செய்துகொண்டிருப்பார் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால், சேர்ப்பது புதிய தரப்பு அல்ல, புதிய உடுப்பு மட்டுமே. இந்தக் கேள்வியிலேயே ஹொய்சளர் விழுந்துவிடுகிறார்கள். தலைநகரின் பெயர் துவாரசமுத்திரம் என்றாலும் அந்தச் சமுத்திரம் ஓர் ஏரிதான். கெமரின் வலிமையும் நெல்லிலும், மேற்கு பாராய் போன்ற ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்த்தேக்கங்களிலும் இருந்தது. நிலத்தில் நடக்கும் விளையாட்டாக இருந்தால் முதல் வாக்கு அவர்களுக்கே.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டு இந்த விஷயத்தில் நல்ல பாடம். 2013-இல் வந்த விரிவாக்கத்தில் ‘இந்தியர்’ என்று ஒரே தரப்பைச் சேர்த்து, அதற்கு ஒட்டகப் படையைப் பெரும்பலமாகக் கொடுத்தார்கள். தஞ்சாவூரை நினைத்துக்கொண்டு ஆட உட்கார்ந்தவரும் ஒட்டகத்தின் மேல்தான் ஏற வேண்டியிருந்தது. 2022-இல் அதை இந்துஸ்தானியர் என்று பெயர் மாற்றி, வங்காளர், கூர்ஜரர், திராவிடர் என்ற மூன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். திராவிடருக்கு ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இனாம்; காலாட்படையும் கப்பலும் பலம்; குதிரைப்படை பலவீனம். இந்தச் சின்ன எண்களுக்குள் வரலாறு இருக்கிறது. இனாமாக வந்த மரம் படகாகவும் கப்பலாகவும் மாறுகிறது. தென்னாட்டு அரசர்கள் குதிரையைக் கடல்வழியே விலை கொடுத்து வாங்கியவர்கள் என்பதால் அந்தப் பலவீனமும் பொருந்துகிறது. சுருள்வாள் வீரரைத் தனிப்படையாக வைத்ததை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. களரியில் எதிரெதிரே நின்று சுழற்றும் ஆயுதத்தை நெருக்கியடித்து நிற்கும் காலாட்படையின் கையில் கொடுத்தால், முதலில் அடிபடுபவன் பக்கத்தில் நிற்பவன்தானே?

அளவுகோலையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அதே விளையாட்டில் 2025-இல் ஷு, வெய், வு ஆகிய மூன்று சீன அரசுகளைச் சேர்த்தபோது பலர் முகம் சுளித்ததற்குக் காரணம் உண்டு. பட்டியலில் பெரும்பாலும் மக்கள் கூட்டங்கள் இருக்கையில், நூறு ஆண்டுகூட நிற்காத அரசுகள் அவற்றின் நடுவே வந்து உட்கார்ந்தன. உங்களிடமும் சோழர் ஒரு அரச மரபு, சீனம் ஒரு பேரரசு, கில்வா ஒரு துறைமுகம். கலந்து வைப்பதில் பிழையில்லை, ஆனால் தெரிந்தே கலக்க வேண்டும்.

பதில்: கொண்டல்

என் வாக்கு கில்வாவுக்கு. சுற்று என்பதே பருவக்காற்று என்னும்போது, அந்தக் காற்றின் எல்லையில் அமைந்த நகரத்தை விடலாமா? வடகிழக்குக் காற்றில் அரேபியாவிலிருந்து தெற்கே இறங்கும் கப்பல், அடுத்த தென்மேற்குக் காற்றிலேயே வீடு திரும்ப வேண்டுமானால் ஏறக்குறைய கில்வாவோடு நின்றுவிட வேண்டும். சொபாலா என்ற துறைமுகத்தின் தங்கம் அதற்கும் தெற்கே இருக்கிறது. இடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வணிகத்தின் சாவி கிடைக்கிறது. படையே இல்லாமல் வெல்லக்கூடிய தரப்பு இது. பவளக்கல்லில் கட்டிய பெரிய பள்ளிவாசலும் சுல்தான்கள் அடித்த செப்புக் காசுகளும் இன்றைக்கும் இருப்பதால், ஓவியருக்கு மாதிரிக்குப் பஞ்சமில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கில்வா இருக்கும் கரையின் சுவாகிலி இன்றும் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. குரல் பதிவுக்கு அதைப் பேசுபவரையே தேடுங்கள். சிவிலைசேஷன் 5 விளையாட்டின் 2013 விரிவாக்கத்தில், பொப்பே என்ற தலைவரோடு அமெரிக்கப் பழங்குடிகளான பியூப்லோ மக்களைச் சேர்க்க எண்ணிய உருவாக்குநர்கள், அந்த மக்களின் அவையினர் உடன்படாததால் அதைக் கைவிட்டு ஷோஷோனியர் என்ற இன்னொரு பழங்குடியைச் சேர்த்தார்கள். கேட்டுவிட்டுக் கைவிட்டதை நான் குறையாக நினைக்கவில்லை.

பதில்: முற்றத்து வேம்பு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பொலன்னறுவையை ஒருவரும் வாய்திறந்து கேட்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

சோழர் அதைப் பிடித்து ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டார்கள். 1070 அளவில் முதலாம் விஜயபாகு அதை மீட்டார். பிறகு 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பெருங்குளம் கட்டியதோடு நிற்கவில்லை. பாண்டிய நாட்டு வாரிசுப் போரில் படை அனுப்பினார், பர்மா மீதும் கப்பற்படை அனுப்பினார். பர்மாப் படையெடுப்புக்கு, இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்லும் காரணங்களில் ஒன்று, அங்கிருந்து வரும் யானைகளின் விற்பனைக்கு அந்த அரசன் போட்ட தடையும் ஏற்றிய விலையும். வணிகத் தகராறு போராக முற்றும் காட்சியை இதைவிடத் தெளிவாக எங்கே எடுப்பீர்கள்?

இன்னொன்று வேளைக்காரர். பொலன்னறுவையில் அவர்கள் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் நிற்கிறது. சிங்கள அரசரின் கீழ் சேவகம் செய்த தமிழ்ப் படையினர், புத்தரின் பல் வைத்த கோயிலை உயிர் கொடுத்தும் காப்பதாக அதில் உறுதி சொல்கிறார்கள். அதே வேளைக்காரர், சோழர் மீது படையெடுக்க விஜயபாகு ஆணையிட்டபோது கலகம் செய்ததாகவும் சூளவம்சம் சொல்கிறது. கூலி கொடுத்தால் உயிரைக் கொடுப்பார்கள், ஆனால் குறிப்பிட்ட ஓர் எதிரி மீது ஏவினால் திரும்பிவிடக்கூடும்: இப்படி ஒரு படைவகை நான் ஆடிய எந்த விளையாட்டிலும் இல்லை. சோழரை ஆடுபவருக்கு மட்டும் எல்லாப் பெருமையும் போகாமல் இருப்பது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி என்பதையும் மறைக்கவில்லை.

பதில்: படியெடுப்பவன்

ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவை மறந்துவிட்டீர்கள். சுமத்திராவின் பாருஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவர்களுடையதுதான். ஆனால் இவர்களைத் தரப்பாக்காதீர்கள். இவர்களுக்கென்று தலைநகர் இல்லை, எந்த அரசனுக்கும் நிரந்தர எதிரியும் இல்லை. எல்லாத் துறைமுகங்களிலும் எல்லாத் தரப்பினரும் பேரம் பேசக்கூடிய குழுவாக வைத்தால்தான் அவர்களுக்கு நியாயம் செய்ததாகும்.

கரைவலை

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காகிதத்தில் வரைபடம் வரைந்து, புளியங்கொட்டையைக் கப்பலாக வைத்து கில்வா, பொலன்னறுவை இரண்டையும் ஆடிப் பார்த்தோம். கில்வாவை ஆடிய நண்பர் ஆறு சுற்றுகளில் கைநிறையத் தங்கம் சேர்த்தார், ஆனால் பாத்திமியரைத் தவிர யாரும் அவரைத் தேடிப் போகவில்லை. கடைசியில் அவர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பொலன்னறுவையை வைத்தபோது மூன்றாவது சுற்றிலேயே சோழரும் ஸ்ரீவிஜயமும் அதை ஆடியவரிடம் தூது அனுப்ப வேண்டியதாயிற்று. ஸ்ரீவிஜய மன்னர் பெயரில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்து இருபதாண்டுக்குள், 1025 அளவில், ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியதை நட்பு முறியும் விதியாக வைத்திருந்தோம். நடுவில் மூன்றாவது ஆள் வந்த பிறகுதான் அந்த விதிக்கு உயிர் வந்தது.

ஆகவே ஐந்தாவது இடம் பொலன்னறுவைக்கு. கில்வா யாரும் ஆடாத நகரமாக, தங்கத்தோடு தென்மேற்கு மூலையில் இருக்கும். ஐந்நூற்றுவர் துறைமுகக் குழுவாக வருவார்கள். என் அங்கோர் ஆசையை நானே அடித்துவிட்டேன்.

முற்றத்து வேம்பு அவர்களே, கட்டளைகளைச் சிங்களத்தில் பேசித் தர உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா?

முற்றத்து வேம்பு

என்னோடு படிப்பித்த சிங்கள ஆசிரியர் ஒருவர் நாடகத்தில் நடிப்பவர். கேட்டுவிட்டேன், சம்மதித்தார். வேளைக்காரரின் வரிகளைத் தமிழிலேயே வையுங்கள். அவற்றை நான் பேசி அனுப்புகிறேன்.